வைரவரைச் சுற்றப்போன கோபுரம்

ட்ரெயிலரின் இடப்பக்கச் சில்லு அச்சுவரை சேற்றுக்குள் போய்விட்டது. அதன்மேல் படுக்கவைத்துக் கட்டியிருந்த, கிணறு துளைக்கிற எங்கள் இரும்புக் கோபுரம் வயல் பக்கமாகச் சரிந்து, நுனியால் நெற்பயிரைத் தொட்டுக்கொண்டு நின்றது. எனக்குப் பின்னால் மரத்தடி வைரவர். முன்னால் ராக்கம்மாக்கா, அந்தக் கோபுரத்துக்காகத் தன் காணியில் காத்திருந்தவர். என் கையில் கற்பூரத் தட்டு, அது வேறு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"என்ன தம்பி, சாமி கும்புட்டு முடிஞ்சிச்சா?" என்று கேட்டார் ராக்கம்மாக்கா.

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது. ஏசியிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன், இரண்டு பேருக்கும் பாரம் குறைந்திருக்கும்.

இரும்பு ஒட்டு வேலைக்காரன் குலேந்திரன் லான்ட்மாஸ்டரின் கைபிடியைப் பிடித்தபடி இருந்தான். லான்ட்மாஸ்டர் என்றால் வன்னியில் வீட்டுக்கு வீடு நிற்கும் அந்த இரண்டு சில்லு உழவு மெசின்தான். இழுக்கிற வேலையெல்லாம் அதற்கு. குலேந்திரன் என்னைப் பார்க்கவில்லை, தூரத்தில் மேய்கிற ஒரு மாட்டை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான். வைரவரைச் சுற்றச் சொன்னவன் அவன்தானே.

இது நடந்தது இரண்டு மூன்று கோடைக்கு முன்னர், அக்கராயன் குளத்து வாய்க்கால் வளைகிற இடத்தில். அன்றைக்கு எங்கள் கோபுரம் முதல்முதலாக வீட்டை விட்டு வேலைக்குப் புறப்பட்ட நாள்.

எண்ணெய்க்காரனுக்குத் தண்ணீரில் என்ன வேலை?

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதை வாசித்துவிட்டுத் தண்ணீரூற்று என்ற ஊரிலிருந்து ஒருவர் தொலைபேசி எடுத்தார். "பாலைவனத்தில எண்ணெய்க் கிணத்தோட நிண்டனீங்கள் எண்டு எழுதுறீங்கள். பிறகு எப்பிடி எங்கட ஊரில குழாய்க்கிணறு அடிக்க வெளிக்கிட்டனீங்கள்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

பதினொரு வருடம் நான் வளைகுடாவில் நின்றேன். ஆனால் ஒரு நாளாவது எண்ணெய் தோண்டியது கிடையாது. நான் நின்ற பிரிவுக்கு ஒரே வேலைதான். ஓரிடத்தில் துளையிட்டு முடித்த கோபுரத்தைச் சாய்த்து, கழற்றி, லொறிகளில் ஏற்றி, அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய், பூட்டி, நிமிர்த்திக் கொடுப்பது. நிமிர்ந்து நின்றதும் தோண்டுகிறவர்கள் வருவார்கள். நாங்கள் போய்விடுவோம். சுருக்கமாகச் சொன்னால் கல்யாணவீட்டுப் பந்தல்காரரின் சீவியம், சாப்பாடு மட்டும் கொஞ்சம் மோசம்.

அந்த வேலையில் எனக்குப் பிடித்த நேரம் ஒன்று உண்டு. நிலத்தில் கிடத்திப் பூட்டிய கோபுரத்தின் அடியைக் கீலில் மாட்டிவிட்டு எல்லாரையும் தூரப் போகச் சொல்வார்கள். அது விழுந்தால் எவ்வளவு தூரத்துக்கு விழுமோ அதற்கும் அப்பால் போய் நிற்கவேண்டும். பல நாட்டுக்காரரும் அப்போதுதான் வாயை மூடுவார்கள். வடம் இறுகும். கோபுரத்தின் தலை மண்ணை விட்டு ஒரு சாண் கிளம்பும். அந்த முதல் ஒரு சாண்தான் கஷ்டம். பிறகு அது தன்பாட்டில் எழும்பி நிற்கும்.

அங்கே இன்னொரு வகையும் இருந்தது. அதற்குக் கால் இருக்கும். பக்கத்தில் அடுத்த துளை என்றால் அதைச் சாய்ப்பதே இல்லை. நின்ற நிலையில் தன்னைத் தானே கொஞ்சம் தூக்கும், ஓரடி முன்னே வைக்கும், இறங்கும், மறுபடி தூக்கும். இப்படியே மெல்ல நடந்து போய்விடும். நான் கண்ணால் கண்டது.

ஊருக்கு வந்து இதைச் சலூனில் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் "கோபுரம் நடத்தினவர்". சைக்கிளில் போகிறவர்கள்கூட "அண்ணை, உங்கட கோபுரம் இப்ப எவடத்தில நடக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் மிதிப்பார்கள்.

ராக்கம்மாக்காவின் தவணை

ராக்கம்மாக்காவின் பெற்றோர் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவர் வரும்போது இடுப்பில் இருந்த பிள்ளை. நாற்பது ஐம்பது வருடம் இங்கே இருந்தும் அவருடைய பேச்சில் மலை போகவில்லை. புருஷனோடு சேர்ந்து காடு வெட்டித் திருத்திய ஒரு ஏக்கர் மேட்டுக்காணி அவருக்கு உண்டு. புருஷன் போய்ப் பல வருடம். காணியில் கச்சான் என்கிற நிலக்கடலை, மிளகாய், வேலியோரம் பப்பாசி.

குளத்துத் தண்ணீர் தாழ்ந்த வயல்களுக்குத்தான். மேட்டுக்கு ஏறாது. அவருடைய வெட்டுக்கிணறு ஆனி பிறந்தால் அடி தெரியும். பிறகு ஒரு சைக்கிளின் இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான் கட்டி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து தண்ணீர் தள்ளுவார். சமைக்கவும் அதுதான், மிளகாய்க்கும் அதுதான்.

குழாய்க்கிணறு அடிக்கிற லொறிக்காரர் மூன்று முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்று முறையும் வாய்க்காலின் சின்னப் பாலத்தோடு நின்றுவிட்டார்கள். பாலம் ஒடுக்கம், அதோடு பழையது. அந்தப் பாரத்தை அதில் ஏற்றினால் லொறியும் பாலமும் சேர்ந்து வாய்க்காலுக்குள் கிடக்கும்.

மகள் சுகந்தி வவுனியாவில் இருக்கிறாள். முழங்கால் வீங்கின தாய் சைக்கிள் தள்ளுவதை எந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்? காணியை யாருக்காவது விட்டுவிட்டு வந்துவிடச் சொல்லி ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் தாயும் மகளும் ஒரு தவணை பேசிக்கொண்டார்கள். ஆவணிக்குள் காணியில் தண்ணீர் வராவிட்டால் ராக்கம்மாக்கா வவுனியாவுக்குப் போவார். இதைச் சூளுரைபோல் சொல்லவில்லை, பிள்ளைக்குக் கொடுத்த வாக்காகச் சொன்னார். அவர் வாக்கு மாறுகிற ஆள் இல்லை என்பது சுகந்திக்கும் தெரியும்.

என்னிடம் வந்தபோது ஆடி பிறந்துவிட்டது.

"ரூம்பு ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்காங்க தம்பி. ஃபேன் எல்லாம் பூட்டியிருக்காம். தங்கமான புள்ள, தங்கமான மருமகன். ஆனா நான் அங்க போயி என்னா செய்றது? நாள் முழுக்க அந்த ஃபேனப் பாத்துக்கிட்டு இருக்கிறதா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "உங்க கோபுரம் நடக்குமாமே. அந்தப் பாலத்தத் தாண்டி நடக்குமா?" என்று கேட்டார்.

அவர் கேலிக்குக் கேட்கவில்லை. ஊர் முழுக்கப் பகிடியாகக் கேட்ட கேள்வியை ஒருவராவது உண்மையாகக் கேட்டாரே! ஓம் என்று சொல்லிவிட்டேன். உண்மையில் அப்போது கோபுரம் முற்றத்தில் படுத்துக் கிடந்தது. அது நடப்பது இருக்கட்டும், எழும்பவே மறுத்துக்கொண்டிருந்தது.

உடுப்புக் கொடி

எனக்கும் குலேந்திரனுக்கும் இருந்த யோசனை இதுதான். பெரிய லொறி போகாத இடத்துக்கு லான்ட்மாஸ்டர் போகும். அதன் சின்ன ட்ரெயிலரில் பதினெட்டடிக் கோபுரம் ஒன்றைக் கீல்போட்டுப் படுக்கவைக்கவேண்டும். போகிற இடத்தில் அந்த எஞ்சினாலேயே அதை நிமிர்த்தி, அந்த எஞ்சினாலேயே துளையிடவேண்டும். கிரேனும் வேண்டாம், பத்துப் பேரும் வேண்டாம்.

இரும்புக்கு நாங்கள் அலையவில்லை. பழைய இரும்பு என்றால் வன்னியில் ஒரு காலத்தில் தட்டுப்பாடே இருந்ததில்லை. தண்ணீர் கொண்டுபோகிற ஒரு பவுசர் லொறியின் அடிச்சட்டம், உடைந்த நெல் மெசினின் பல்சில்லு, விசுவமடுவில் ஒரு வேலிக்கு முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்த இரண்டு குழாய். குலேந்திரன் ஒட்டினால் ஒட்டியதுதான். அவன் பேச்சுத்தான் ஒட்டாது, ஒரு வசனம் தொடங்கி முடிக்கமாட்டான்.

எல்லாம் பூட்டி, கோபுரத்தின் நடுவிலிருந்து கம்பி வடத்தை ட்ரெயிலரின் பின்பக்கத்து உருளைக்குக் கொண்டுவந்து, எஞ்சினைக் கொடுத்தோம். வடம் இறுகியது. எல்லாம் கிறீச்சிட்டது. கோபுரம் ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. கீலின் ஊசி வளைந்ததுதான் மிச்சம். இன்னொரு ஊசி போட்டோம், அதுவும் வளைந்தது. மூன்றாவதை நான் வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

அடுத்த நாள் காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு குசினி வாசலில் குந்தியிருந்தேன். என் மனைவி சிவமலர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரச் சேலைகளின் பாரத்தில் கொடி நிலத்தோடு தொய்ந்தது. அவர் ஒரு கவைத்தடியை எடுத்து, கொடியின் அடியில் கொடுத்து, நிமிர்த்தி நிற்கவைத்தார். அவ்வளவு உடுப்பும் ஒரே தள்ளில் மேலே போய்விட்டது.

நான் எழும்பிவிட்டேன்.

வளைகுடாக் கோபுரங்களின் அடியில் இரண்டு கால் விரித்து ஒரு இரும்புச் சட்டம் நிற்கும், குதிரை என்போம். வடம் அதன் தலைக்கு மேலால் ஏறித்தான் கோபுரத்துக்கு வரும். வடம் நேரே இழுத்தால் கோபுரத்தைக் கீலுக்குள் நெருக்கும், அவ்வளவுதான். உயரத்துக்கு ஏறி வந்து இழுத்தால்தான் தூக்கும். பதினொரு வருடம் அந்தக் குதிரைக்கு எண்ணெய் பூசியவன் நான். அது எதற்காக அங்கே நிற்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

சிவமலரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் சேலையை உதறிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சேருங்கோ, பதினொரு வருசம் எண்ணெய்க் கம்பனியில படிச்சதை நான் உடுப்புக் காயப்போட்டுத்தான் காட்டவேணுமோ?"

நான் குலேந்திரனைத் தேடிச் சைக்கிளை எடுத்தேன். இரண்டு நாளில் குலேந்திரன் குதிரையை ஒட்டி முடித்தான். மூன்றாம் நாள் கோபுரம் எங்கள் முற்றத்தில் நிமிர்ந்து நின்றது. முருங்கை மரத்துக்கும் மேலே அதன் தலை தெரிந்தது. சிவமலர் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வடிவாத்தான் கிடக்கு" என்றார். என் வாழ்க்கையில் கிடைத்த நற்சான்றிதழ்களில் நான் பத்திரமாக வைத்திருப்பது அதுதான்.

அரைச் சுற்று

இப்போது சேற்றுக்கு வருகிறேன்.

காலையில் வெளிக்கிட்டபோது எல்லாம் முறையாகத்தான் நடந்தது. சில்லுகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசித்தோம். தேங்காய் உடைத்தோம். சின்னப் பாலத்தில் நான் இறங்கி நடந்தேன், குலேந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஓட்டினான். இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சம் விட்டு எங்கள் கோபுரம் பாலத்தைக் கடந்தது. லொறிக்காரர் மூன்று முறை திரும்பிப் போன பாலம். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை, தோளில் கிடந்த துவாயைத் தூக்கிச் சுழற்றினேன்.

சந்தோஷம் வந்தால் எங்களுக்குப் பக்தியும் கூடவே வந்துவிடும். வாய்க்கால் வளைவில், மருத மரத்தடியில், ஒரு சூலமும் கல்லுமாக வைரவர் இருக்கிறார். குலேந்திரன் எஞ்சினை மெதுவாக்கினான்.

"அண்ணை, முதல் வேலை. வைரவரை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு..."

வழக்கம்போல் முடிக்கவில்லை. நானே முடித்துவைத்தேன். "ஓம், சுத்திப்போட்டே போவம்."

தட்டில் கற்பூரம் கொளுத்திக்கொண்டு நான் முன்னே நடக்க, கோபுரம் தேர்போல் பின்னே வந்தது. முன்பக்கமும் வலப்பக்கமும் நல்ல இறுகிய வாய்க்கால் அணைக்கட்டு. பின்பக்கத்துக்குத் திரும்பியபோதுதான் பார்த்தேன். மரத்துக்கும் வயலுக்கும் நடுவில் வழி ஒடுக்கம், அதிலும் பாதி வயல் தண்ணீர் ஊறி மினுமினுத்துக்கொண்டிருந்தது.

நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினேன். அந்த இடத்தில் பின்னுக்கு எடுத்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பாலைவனத்தில் என்றால் நான் அதைத்தான் செய்திருப்பேன்.

"பின்னுக்கு எடுக்கிறதோ?" என்று குலேந்திரன் கண்ணை விரித்தான். "அரைச் சுத்தில திரும்பிறதோ? முதல் நாளிலயோ? நான் மாட்டன் அண்ணை."

அன்றைக்கு அவன் முழுசாகப் பேசினான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிய வெட்கம், எனக்கும் அது சரியாகவே பட்டது. சுவாமியைச் சுற்றத் தொடங்கிவிட்டுப் பாதியில் பின்வாங்கினால் என்னவாகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தந்ததில்லை. ஆனாலும் கால் கூசியது. "சரி, மெல்ல வா" என்றேன். ஐந்து அடி வந்திருக்கும். இடப்பக்கச் சில்லு இறங்கிவிட்டது.

லான்ட்மாஸ்டர் இழுத்துப் பார்த்தது. இழுக்க இழுக்க அதுவும் தோண்டிக்கொண்டு இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் தோள் கொடுத்தோம். அசைவில்லை. கோபுரம் இன்னும் கொஞ்சம் சரிந்தது. அது வயலுக்குள் புரண்டால் கீலும் குதிரையும் முறியும். மறுபடி ஒட்டி எடுப்பதற்குள் ஆவணி வந்துவிடும். அந்த நேரத்தில்தான் ராக்கம்மாக்கா தேநீர் போட்டு வைத்துவிட்டு, இன்னும் காணவில்லையே என்று தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மரத்துக்குச் சேலை

சாமி கும்பிட்டு முடிந்ததா என்று அவர் கேட்டது அப்போதுதான். தட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தேன். சில்லு சுற்றினால்தானே தோண்டும்? சில்லைச் சுற்றவிடாமல் எஞ்சினின் பலத்தை உருளைக்குக் கொடுக்கலாம். கோபுரத்தைத் தூக்குகிற வடத்தின் நுனியை அசையாத ஒன்றில் கட்டிவிட்டால், உருளை வடத்தைச் சுற்றச் சுற்ற ட்ரெயிலர் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு கரையேறும். அவ்வளவு பாரத்தைத் தூக்கச் செய்த சாமான், இதை இழுக்காதா?

யோசனை நல்லது. ஆனால் அசையாததாக அந்த வெளியில் நின்றது ஒரே ஒரு மரம்தான். அது வைரவரின் மருதமரம்.

"சுவாமியின்ர மரத்தில கம்பியைக் கட்டிறதோ? கட்டேலாது" என்றான் குலேந்திரன். "தோலை அறுத்துப்போடும்."

அவன் சொன்னதில் பிழையில்லை. ஊரில் அந்த மரத்தில் ஆடு கட்டமாட்டார்கள், குழை ஒடிக்கமாட்டார்கள். நானும் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். எங்கள் மெசினைச் சேற்றில் புதைத்த அதே பயம் இப்போது அதை எடுக்கவும் விடவில்லை.

ராக்கம்மாக்கா எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு திரும்பி வீட்டுக்கு நடந்தார். சரி, மனிசிக்கு வெறுத்துவிட்டது, வவுனியாவுக்குப் பெட்டி கட்டப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். எனக்கு அழுகை வரப்பார்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கையில் மடித்த சேலைகள், மூன்று நான்கு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சளில் சிவப்புக் கரை போட்டது ஒன்று, நல்ல சேலை. மரத்தடிக்குப் போய் வைரவருக்கு முன்னால் நின்றார். கும்பிடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலிக்கு மேலால் கதைக்கிற குரலில் கதைத்தார்.

"இந்தா பாருங்க சாமி. ஒங்களச் சுத்த வந்துதான் வண்டி எறங்கிப் போச்சு. கும்புடாம போயிருந்தா இந்நேரம் என் வீட்டுல நின்னுருக்கும். அதனால நீங்கதான் தூக்கிவிடணும். மேல வலிக்காம நான் சேல கட்டிவிடுறேன்."

பழைய சேலைகளை மரத்தைச் சுற்றித் தடிப்பாக வரிந்தார். மேலே அந்த மஞ்சள் சேலையை, திருவிழாவுக்குச் சாத்துகிறதுபோல், கொசுவம் வைத்துக் கட்டினார். கட்டி முடித்து ஓரடி பின்னே போய் அழகு பார்த்தார். பிறகு குலேந்திரனைப் பார்த்து, "இப்ப கட்டு" என்றார்.

குலேந்திரன் கட்டினான். கட்டுமுன் வைரவரை ஒருமுறை கும்பிட்டுக்கொண்டான்.

எஞ்சினைக் கொடுத்தோம். வடம் தண்ணீரை உதறிக்கொண்டு இறுகியது. சேலை மரத்தோடு அழுந்தியது. பாலைவனத்தில் செய்ததுபோல் எல்லாரையும் தூரப் போகச் சொன்னேன், எல்லாரும் என்றால் ராக்கம்மாக்கா ஒருவர்தான். அவர் போகவில்லை. சேறு ஒரு பெருமூச்சு விட்டது. சில்லு ஒரு சாண் எழும்பியது, பிறகு இன்னொரு சாண். கோபுரம் தள்ளாடிக்கொண்டு சரிவு நிமிர்ந்து அணைக்கட்டில் ஏறி நின்றது.

வடத்தைக் கழற்றியபின் நான் முதலில் பார்த்தது மரத்தைத்தான். தோலில் ஒரு கீறல் இல்லை. மஞ்சள் சேலையை அவர் அவிழ்க்கவில்லை. "சாத்துனது சாத்துனதுதான்" என்று சொல்லிவிட்டார்.

மிச்ச அரைச் சுற்றையும் முடித்துக்கொண்டுதான் போனோம்.

தேங்காய் சொன்ன இடம்

ராக்கம்மாக்காவின் காணியில் நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, தேங்காய் எழும்பி நின்ற இடத்தில் ஒரு கட்டை அறைந்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கட்டைமேல் கோபுரத்தை நிறுத்தினோம். நாலு பக்கமும் கயிறிழுத்துக் கட்டி, பின்னேரமே துளையிடத் தொடங்கிவிட்டோம். செம்மண், பிறகு களி, பிறகு வெள்ளை மணல். மறுநாள் மத்தியானம்வரை நன்றாகத்தான் போனது.

பிறகு சத்தம் மாறியது. ஒரு வறண்ட உரசல். குழாய் சுற்றுகிறது, இறங்கவில்லை. மேலே வந்த சேற்றில் கறுப்புப் பொடி.

பாறை. எங்கள் சின்ன மெசினால் மண்ணைத் துளைக்கலாம், பாறையைத் துளைக்க முடியாது. எஞ்சினை நிறுத்தினேன். அந்த அமைதியில் ராக்கம்மாக்காவுக்கு விளங்கிவிட்டது. அடுப்படியிலிருந்து வந்து துளையை எட்டிப் பார்த்தார்.

"முடிஞ்சிச்சா தம்பி?"

கழற்றிப் பூட்டுகிற கோபுரமாக இருந்தால் முடிந்ததுதான். அதை இறக்கி, சாய்த்து, இன்னொரு இடத்தில் நிறுத்துவதென்றால் இன்னொரு முழுநாள் வேலை. அதனால்தான் கட்டை அறைந்த இடத்தோடு எல்லாரும் கணக்கை முடித்துக்கொள்வார்கள். எங்களுடையதற்கு அந்த நோய் இல்லை. இதை யோசித்துத்தான் செய்தோம் என்று சொல்ல எனக்கு ஆசை. இல்லை, சின்னதாகச் செய்ததில் தானாக வந்த நன்மை.

"அக்கா, உங்கட காணியில கோடையில கடைசியா வாடுற இடம் எது?" என்று கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. கச்சான் பாத்திக்குக் கீழே, தெற்கு மூலையைக் காட்டினார். "அந்தப் புல்லு மட்டும் பிந்தித்தான் காயும். ஆனா தேங்கா அங்க ஒண்ணும் சொல்லலியே?"

"தேங்காய் வந்து ஒரு நாள்தானே நிண்டது. நீங்கள் நாற்பது வருசம் நிக்கிறியள்."

கயிறுகளை அவிழ்த்தோம். குதிரை தாங்க, வடம் விட, கோபுரம் மெதுவாகப் படுத்தது. லான்ட்மாஸ்டர் அதைப் பாத்திகளைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனது. மறுபடி வடம் இறுகியது, தலை எழும்பியது, நின்றது. அவர் போட்டுத் தந்த தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது என்று சலூனில் சொல்லி வருகிறேன். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன், இரண்டு முறை போட்டார்.

ராக்கம்மாக்கா அந்த நேரம் முழுக்கக் கச்சான் பாத்தி நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றார். கோபுரம் நின்றதும், "அட, நடக்கத்தான் செய்யுது" என்றார்.

கலங்கல்

மூன்றாம் நாள் காலை. மணல் சரசரவென்று வந்தது, பருமணல், ஈரமான மணல். குழாய் இறங்கிக்கொண்டே இருந்தது. போதுமான ஆழம் வந்ததும் துளைக்குள் பிளாஸ்ரிக் குழாய் இறக்கி, தண்ணீர் இறைக்கிற மெசினைப் பூட்டி இழுத்தோம். முதலில் காற்று. பிறகு இருமல். பிறகு சேறு. சேறு தடித்த கோப்பிபோல் கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. நிற்கிறதா என்று நான் குழாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணித்தியாலம் ஓடியது. நிற்கவில்லை. நிறம் மெல்ல வெளுத்தது.

குலேந்திரன் ஏதோ சொல்லத் தொடங்கினான், முடிக்கவில்லை. அவன் கன்னத்தில் சேறும் கண்ணீரும் கலந்து ஓடின. நான் அவனைப் பகிடி பண்ணவில்லை, என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ராக்கம்மாக்கா கிட்ட வந்தார். கையை நீட்டித் தொட்டுப் பார்த்தார். பிறகு, உடுத்த சேலையோடு, அந்தக் கொட்டுகிற தண்ணீருக்குக் கீழே குந்திவிட்டார்.

"அக்கா, கலங்கல்! தெளியட்டும், கொஞ்சம் பொறுங்கோ!" என்று நான் கத்தினேன்.

"பொறுத்தாச்சு தம்பி" என்றார்.

தலையிலிருந்து மண் நிறத் தண்ணீர் முகத்தால் வழிந்தது. இரண்டு கையாலும் வாரி வாரித் தோளில் ஊற்றினார். வாளி இல்லை, அளவு இல்லை, அடுத்த ஆளுக்கு மிச்சம் விடுகிற யோசனை இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மறுபக்கம் திரும்பி, அதற்கு முன் பார்க்காதவர்கள்போல் எங்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். நான் எத்தனையோ பெரிய கோபுரங்களை நிமிர்த்திக் கொடுத்திருக்கிறேன். அதிலிருந்து வந்ததில் ஒரு கை அள்ளி ஒருவரும் முகம் கழுவி நான் கண்டதில்லை. அன்றைக்கு என் மனம் நிறைந்திருந்தது, இன்றைக்கும் அந்த நிறைவு குறையவில்லை.

தண்ணீர் மெசினின் இரைச்சலுக்கு மேலால் அவருடைய குரல் கேட்டது. ஈரக் கையால் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, மகளோடு கத்திக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"சுகந்தி, நான் வரல்ல. நீ பள்ளிக்கூடம் லீவு விட்டதும் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இங்க வா. ஆமா, இங்கதான். குளிக்கத் தண்ணி இருக்கு."